எதிர்க்கட்சி ஓட்டிய படகு

செபாஸ்டின் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை அவர் மகள் ஜெனிட்டா காலையில் போனில் சொன்னாள். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு அத்தை" என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோயில்ல அப்பாவைப் பத்திப் பேச உங்களைத்தான் கூப்பிடணுமாம். சொல்லி வெச்சுட்டுப் போயிருக்காரு. எதிர்க்கட்சிதான் பேசணும், சொந்தக்காரங்க பேசினா ஓவரா புகழ்ந்துடுவாங்கன்னு" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சாவுச் செய்தி சொல்ல வந்த போனில் இப்படிச் சிரிக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இல்லை.

கோயிலில் பேசத்தான் செய்தேன். ஆனால் அழுகை வந்து பாதியிலேயே இறங்கிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவரோடு ஃபைபர் ஷெட்டில் ரெசின் பசை நாற்றத்தில் கிடந்தவர்களும், பாட்டுக்குழுவில் அவர் பக்கத்தில் நிற்க நேர்ந்து காது நொந்த ஆவடிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நான் விட்டதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது ஒரு சின்ன ஃபைபர் ஷெட். தண்ணீர்த் தொட்டியும் பூங்காச் சறுக்குமரமும் செய்துகொண்டிருந்த முதலாளிக்கு, திடீரென்று வேகப்படகு செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. வடிவப் படம் வரைகிற என்னிடம் ஒரு படகு கேட்டார், மோல்டு செய்கிற செபாஸ்டின் அண்ணனிடம் ஒரு படகு கேட்டார். கடலோரத்தில் இருந்து அம்பத்தூருக்கு வேலைக்கு வந்தவர்கள் யாரும் எங்கள் ஷெட்டில் இல்லை. கடலை நான் பார்த்ததெல்லாம் காணும் பொங்கலன்று கூட்டத்தின் தலைகளுக்கு நடுவேதான்.

என் படகின் அடி தட்டை. அதனால் சீக்கிரமே தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அவருடைய படகின் அடி ஆங்கில 'வி' எழுத்துப் போலக் கூராக இறங்கும். அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் எஞ்சினை நன்றாக வேலை வாங்கும். அவர் என் படகுக்கு 'தோசைக்கல்' என்று பெயர் வைத்தார். நான் அவருடையதைக் 'கலப்பை' என்றேன். முதலாளி வைத்த பெயர்கள் வேறு, அவற்றை அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை.

இரண்டு படகுக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது ஒரே ஒரு எஞ்சின். ஒரு படகில் மாட்டி ஓட்டிவிட்டு, கழற்றி அடுத்ததில் மாட்ட வேண்டும். முதல் நாள் அதை மாட்டியதும் நான் என் படகில் ஏறப் போனேன். அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"எங்கம்மா போறே? எறங்கு. உன் போட்டை நான்தான் ஓட்டுவேன், என் போட்டை நீதான் ஓட்டணும்."

"ஏன், என் கை ஒடிஞ்சா கெடக்கு?"

"உன் புள்ள மார்க்கை நீயே போட்டா நூத்துக்கு நூறுதான் போடுவே. எதிர்க்கட்சி போட்டா கரெக்டா இருக்கும்."

அன்றிலிருந்து அதுவே எங்கள் ஷெட்டின் சட்டம். படகு செய்தவர் கரையில் நிற்க வேண்டும், எதிர்க்கட்சி ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்காமல் முழு வேகம் கொடுக்க வேண்டும். நான் அவருக்கு எதிர்க்கட்சி ஆனது இப்படித்தான். தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூட உறையின் மேல் 'எதிர்க்கட்சித் தலைவி லலிதா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு என் அப்பா, நான் எந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஓட்டிப் பார்க்கக் கொரட்டூர் ஏரிக்குத்தான் போவோம். வேகம் பார்ப்பது சுலபம். கரையில் இரண்டு பனைமரம், கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான். தோசைக்கல் ஒவ்வொரு முறையும் கலப்பையைத் தோற்கடித்தது. நான் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை. ஆனால் அலையில் எப்படிப் போகும் என்று பார்க்க ஏரியில் ஏது அலை? அண்ணன் ஒரே இடத்தில் வட்டமடித்து வட்டமடித்து, படகு கிளப்பிய அலையிலேயே போய் மோதுவார். மோதும்போது பாடுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படகு எவ்வளவு குலுங்குகிறது என்று அளக்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. அவர் கண்டுபிடித்த கருவி குரல்தான். ஒரே மூச்சில் 'ஆ' என்று நீளமாகப் பிடிப்பார். கலப்பையில் அந்த 'ஆ' லேசாக அசைந்துவிட்டு நின்றுவிடும். தோசைக்கல்லில் துண்டு துண்டாக அறுந்து வரும். கரையில் நின்று கேட்டாலே மார்க் போட்டுவிடலாம். "தட்டையா இருந்தா தண்ணி அறையும், கூரா இருந்தா தண்ணி வழி உடும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. சட்டப்படி கலப்பையில் நான் பாட வேண்டும். பாடினேன். "இன்னாம்மா, பாடுறியா, ஆடு கத்துதா?" என்று கரையிலிருந்து கேட்டார். கோயிலில் அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இதைக் கேட்க அவருக்கு எந்தத் தகுதியும் இல்லை.

ஒரு நாள் அந்த அலை கரை வரைக்கும் போய், துவைத்து வைத்திருந்த புடவைகளை ஏரிக்குள் இழுத்துவிட்டது. "யோவ், கண்ணு தெரில? துணியெல்லாம் இஸ்துகினு போச்சு பாரு!" என்று ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். அண்ணன் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது என் படகு. பறந்து போய் ஒவ்வொரு புடவையாகக் குனிந்து எடுத்து, தோளில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். "எதிர்க்கட்சி, ஒத்துக்கிறேன். புடவை புடிக்கிறதுக்கு உன் தோசைக்கல்லை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார் என்னிடம்.

இந்த விளையாட்டெல்லாம் முதலாளி ஒரு காலையில் எங்கள் இருவரையும் கூப்பிடும்வரைதான். நகரத்துக்கு வடக்கே ஒரு மீன்பிடித் துறைக்கு, கடலில் கவிழ்ந்தவர்களைத் தூக்கிவர ஓர் அவசரப் படகு வேண்டுமாம். மீன்வளத்துறை அதிகாரி வந்து கடலில் இரண்டையும் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பாராம். "ஜெயிக்கிற போட்டைத்தான் இனிமே செய்யப்போறோம். இன்னொண்ணோட மோல்டை அறுத்துப் போட்டுடுங்க, ஷெட்ல எடமில்ல" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

மோல்டு என்றால் படகை வார்க்கும் அச்சு. அதன் உட்புறம் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் படகின் வெளிப்புறம் பளபளக்கும். அந்த உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்திருந்தது. அது போனால் என் படகு இனி பிறக்கவே பிறக்காது. அண்ணனுக்கும் அதே கதிதான். அன்று மதியம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அவர் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்த ஒரே நாள் அது.

குறித்த நாளில் கடல் கொந்தளித்துக் கிடந்தது. முந்தின நாள் மழை. முதலில் கலப்பையில் எஞ்சினை மாட்டினார்கள். நான் ஏறினேன். சட்டம் சட்டம்தான் என்று முழு வேகம் கொடுத்தேன். முதல் அலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அது அறையவில்லை. படகு அலையைப் பிளந்து, மெத்தென்று இறங்கி, அடுத்ததற்குப் போனது. நான் 'ஆ' என்று பாட ஆரம்பித்தேன். குரல் உடையவே இல்லை. கடலின் நடுவே, என் மோல்டு போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது, அதை எப்படிச் சொல்வது? அவ்வளவு நல்ல படகு அது.

அடுத்து என் படகில் அவர். மெதுவாக ஓட்டி, "இதுக்கு மேல போவலைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் படகு ஜெயித்துவிடும். கரையில் இருந்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவரோ முறுக்கிய முறுக்கில் என் தோசைக்கல் அலைக்கு அலை தாவிக்கொண்டு போனது. பாதி நேரம் அதன் அடிக்குக் கீழே வெறும் காற்றுதான் இருந்தது. மிதவையைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்து அதிகாரி கைதட்டினார். நானும் தட்டினேன். என் படகு அவ்வளவு வேகம் போகும் என்று எனக்கே தெரியாது.

அதிகாரி அவரிடம் கேட்டார். "சொல்லுங்க, எது நல்ல படகு?"

"இதாங்க. முழுவுறவன் காத்துகினு இருப்பானா? யாரு மொதல்ல போய்ச் சேர்றாங்களோ அவங்கதான் காப்பாத்துவாங்க" என்று என் படகைக் காட்டினார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் கலப்பையைக் காட்டினேன். "போறது இருக்கட்டும் சார், திரும்பி வரணுமே. விலா ஒடிஞ்சவனை அந்தப் படகுல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தா, கரைக்கு வர்றதுக்குள்ள மிச்சமும் ஒடிஞ்சிடும்."

"நீங்க ரெண்டு பேரும் யார் கட்சி?" என்று அவர் குழம்பிப்போய்க் கேட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் என்னை மணலில் கொஞ்ச தூரம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? உன் மோல்டை அறுத்துருவாங்கம்மா."

"உங்க மோல்டை மட்டும் பூப்போட்டு வெச்சுக்குவாங்களா அண்ணே?"

"நான் வேற செஞ்சுக்குவேன்."

"நானும்தான் வேற வரைஞ்சுக்குவேன். உண்மையைச் சொல்லுங்க, இதுல பாடினீங்களா இல்லையா?"

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் உதட்டோரம் ரத்தம் பார்த்தேன். பின்னாலேயே வந்திருந்த அதிகாரியும் பார்த்துவிட்டார். "வாயைத் திறங்க" என்றார். அண்ணன் சின்னப்பிள்ளை போல மாட்டேன் என்று தலையாட்டினார். அதிகாரி விடவில்லை. திறந்தால், நாக்கு நன்றாகக் கடிபட்டிருந்தது. பாடிக்கொண்டே போனவருடைய வாயை என் படகு ஒரே அடியில் மூடிவிட்டிருக்கிறது. "நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே அதிகாரி கலப்பையை எடுத்துக்கொண்டார்.

செபாஸ்டின் அண்ணன் தன் நாக்காலேயே ஜெயித்தார். அந்த வாரம் முழுக்க அவர் மனைவி ரோஸி அக்கா கட்டிக் கொடுத்த மோர்சாதத்தைத் தவிர எதுவும் அவருக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் படகைத் திட்டினார். நாக்கு வீங்கியிருந்ததால் திட்டு ஒன்றும் புரியவில்லை, அதனால் நானும் வாங்கிக்கொண்டேன்.

மோல்டை அறுக்கும் நாளன்று நான் லீவு போட்டுவிட்டேன். மறுநாள் போனபோது அது இருந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். "யார் அறுத்தது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். இன்னொருவர் கையில் கொடுக்காமல் அவரே செய்தாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு ரோஸி அக்கா என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார். அக்காவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, அதனால் அவர்களுக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. கேக்கும் பிரியாணியும் ஆனதும், "வா, கோயில்ல குடில் பாக்கலாம்" என்று அண்ணன் அவசரப்படுத்தினார். போனேன். வைக்கோல், களிமண் ஆடுகள், மூன்று ராஜாக்கள். அவர்களுக்குப் பின்னால், கூர்முனை வானத்தைப் பார்க்க, குகை மாதிரி நின்றுகொண்டிருந்தது என் படகின் மோல்டு. முன்பாதி. அறுக்கச் சொன்னார்கள், அறுத்திருக்கிறார், சரியாக நடுவில் ஒரே ஓர் அறுப்பு. பிறகு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை மிதித்தே கொண்டுவந்திருக்கிறார். உள்ளே வைத்திருந்த மெழுகுவர்த்திகள், நான் தேய்த்த பளபளப்பில் நூறாகத் தெரிந்தன. நடுவில் குழந்தை படுத்திருந்தது.

அண்ணன் என் காதருகே குனிந்து, "பாத்தியா, இங்க அலையே கெடையாது. இங்க உன் போட்டுதான் பெஸ்ட்டு" என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா எங்களை முறைத்தார்.

அதற்குப் பிறகு தொண்ணூறுகள் முழுக்க ஒவ்வொரு டிசம்பரும் அந்தக் குடிலுக்குப் போனேன். "உங்க கலப்பை எத்தனையோ பேரைத் தூக்கிட்டு வந்திருக்கலாம் அண்ணே, ஆனா எந்த ஊராவது அது முன்னால மண்டி போட்டிருக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். புதிதாகக் கேட்பது போல ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஜெயித்தவர் ஒருவர், தோற்றவள் வந்து பீற்றிக்கொள்வதற்கு இடம் பார்த்து வைத்திருந்தார். அப்படி ஒரு மனிதரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

என் படகு கடலுக்குப் போகவில்லை. அந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் நானே சிரித்துவிடுகிறேன். ஜெயித்த படகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணே. தோற்றதையும், அதற்காக நீங்கள் சிரித்த சிரிப்பையும் நான் வைத்துக்கொள்கிறேன்.