நூற்றுப்பத்து அடி ரப்பர்

கிரவல் மண் மைதானத்தில் அடித்த ஹொக்கிப் பந்து, நாற்பத்து நான்கு எட்டு வைக்கும் தூரத்தைக் கடக்க, நான் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவேன். செயற்கைப் புல்தரையில் இரண்டு எண்ணுவதற்குள் பந்து வந்துவிடும், அதுவும் துள்ளாமல். அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டி அந்தப் புல்தரையில்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் பழக்கிய பதினொரு பிள்ளைகளில் ஒருத்திகூட அதில் கால் வைத்ததில்லை. எங்களுக்கு அங்கே நேரம் ஒதுக்கச் சொல்லி ஹொக்கிச் சங்கத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன். பதில் ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவன் நான். தானியம் ஏற்றி இறக்கும் ரப்பர்ப் பட்டி எவ்வளவு வழவழப்பு என்பது தெரியும். மட்டக்குளியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கழித்துவிட்ட ஐந்து துண்டு கிடந்தது. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி நீளம், மூன்று அடி அகலம். மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக விரித்து, பதினாறு வாளி தண்ணீர் ஊற்றினோம். பந்து இரண்டு எண்ணுவதற்குள் வந்தது. பிள்ளைகள் பட்டியின் முனைக்கு வெளியே, கிரவலில் நின்று அதை மறிக்கப் பழகினார்கள்.

தெரிவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சங்கத்தின் எங்கள் பகுதிச் செயலாளர் வந்தார். பதினொரு விண்ணப்பத்திலும் அவருடைய கையெழுத்து வேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளைகள் போக முடியாது. வெள்ளவத்தைக்காரர். ஒரு காலத்தில் நானும் அவரும் ஒரே அணியில் ஆடினோம். அவர் பின்வரிசையில் பந்து மறிப்பவர்.

“என்ன மச்சான் கூத்து இது? ஆரும் வழுக்கி விழுந்தா ஆர் பதில் சொல்றது? அனுமதியில்லாத சாமான். சுருட்டி எடு, பிறகு சைன் வைக்கிறன்.”

“பட்டியிலை ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. நீயே வந்து நிண்டு பார். பத்துப் பந்து.”

ஒரு பிள்ளையின் ஸ்டிக்கை வாங்கி, சப்பாத்தின் நாடாவை இறுக்கிக்கொண்டு நின்றார். எங்கள் அணியில் வலது புறம் ஆடும் பிள்ளை அடித்தாள். பத்தில் ஒன்பது அவரைத் தாண்டிப் போயிற்று. பத்தாவதும் ஸ்டிக்கில் படாமல் காலில் பட்டுத்தான் நின்றது. நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன்பின் மட்டக்குளியிலிருந்து வரும் பிள்ளை நின்றாள். பத்தில் எட்டை மறித்தாள்.

“பாத்தியா? எனக்கே ஏலாதெண்டா இது ஆபத்தான சாமான்தான்” என்றார்.

“ஆபத்து பட்டியிலை இல்லை மச்சான், உன்ரை முழங்காலிலை.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் விண்ணப்பங்களைத் தொடாமலே காரில் ஏறிப் போனார்.

“சேர், வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே” என்றாள் மட்டக்குளிப் பிள்ளை. அவள் சொன்னது சரிதான். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் பட்டியைச் சுருட்டவில்லை. சுருட்டிவிட்டு அனுப்பினால் அவர்கள் பார்வையாளர்களாகத்தான் போவார்கள். அதற்கு எதற்குக் கையெழுத்து?

இரண்டு நாள் கழித்து, நாலு மணிக்கு, அவர் கன்வஸ் சப்பாத்தும் தன் பழைய ஸ்டிக்கும் கொண்டு தனியாக வந்தார். நேரே பட்டியின் முனையில் போய் நின்றார். “அடி” என்றார். அன்று ஆறைத் தவறவிட்டார். மறுநாள் நான்கு. இன்னும் குனியச் சொன்னேன்.

“எனக்குச் சொல்லித் தாறியோ?”

“பின்னை ஆர் சொல்றது? அறுபத்தெட்டு வயசிலையும் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறாய்.”

ஐந்தாம் நாள் இரண்டு மட்டும் தவறியது. ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார். காரின் முன் மூடியில் வைத்தே பதினொரு விண்ணப்பத்திலும் கையெழுத்திட்டார். பிறகு பையிலிருந்து தட்டச்சடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். பட்டியை உடனே அகற்ற வேண்டும் என்ற உத்தரவு.

“நான் செயலாளர் மச்சான். இதைத் தராமல் ஏலாது.”

கடிதத்தை மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தேன். விண்ணப்பங்களை ஒன்று முதல் எண்ணிப் பார்த்தேன்.

“ஏழாவதிலை திகதி போடேல்லை. போடு” என்றேன்.