திறக்க மறுத்த கல்யாண டிஸ்க்

போன வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம் நடந்த அன்று, நான் நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையுடன் பிறந்தவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய சீர். எனக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் உட்கார்ந்தாள். அதை வீடியோவிலாவது பார்த்துவிட வேண்டும் என்று, மோகனூரில் அம்மா வீட்டில் கைக்குழந்தையோடு காத்திருந்தேன்.

வீடியோ எடுத்த சேலம் ஸ்டுடியோ எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு அனுப்பியது. தம்பி அதை லேப்டாப்பில் செருகினான். ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் வந்தது.

"பண்ணிரட்டுமாக்கா?"

கேட்கும்போதே அவன் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. அவன் கையைத் தட்டிவிட்டேன். எனக்கும் விவரம் தெரியாது, பயம்தான். சேலத்துக்குப் போன் போட்டால், கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விட்டோம், வேறு காப்பி இல்லை என்றார்கள்.

டிஸ்கை எடுத்துக்கொண்டு உள்ளூர் ஸ்டுடியோவுக்குப் போனோம். என் கல்யாணத்தைப் படம் பிடித்தவர் அந்த ஸ்டுடியோக்காரர்தான். ட்ரோன் வைத்து மேலிருந்து படம் எடுக்கும் ஆசையில், அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தம்பி சேலத்துக்குப் போயிருந்தான்.

"வாங்க மாப்பிள்ளை. ஏனுங்க, அந்த ட்ரோன் இதையெல்லாம் தொறக்காதுங்களா?"

"ஓட்டாதீங்கண்ணா. அக்காவுக்காகத்தான் வந்தோம்."

"அம்மிணிக்குன்னா சரி, குடுங்க."

கேலி அதோடு நின்றது. டிஸ்க் மேக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கிறது, எங்கள் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் ஃபார்மட் கேட்கிறது என்றார். ஃபார்மட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"மறுபடி பந்தக்கால் நடோணுமுங்க."

அவருடைய மேக்கில் டிஸ்க் உடனே திறந்தது. நாங்கள் எழுந்தோம். அவர் விடவில்லை. காலி டிஸ்க் ஒன்றை இரண்டு கம்ப்யூட்டரும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்தார். பிறகு அதை எங்கள் லேப்டாப்பில் செருகி, ஒவ்வொரு வீடியோவையும் ஓட்டிப் பார்த்தார். சேலத்து டிஸ்கில் எதையும் மாற்றவில்லை.

அப்படி ஓட்டும்போது இணைச்சீர் வந்தது. பெரியப்பா மகள் உட்காருமுன், தம்பி ஒருமுறை மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. பக்கத்தில் நின்ற தம்பி செல்போனை எடுத்து அதைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

ஸ்டுடியோக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். "கேமரா அவரு மொகத்த உட்டு நகரவே இல்லீங்க, பாருங்க. எடுத்தவரு நல்ல கை."

அவரே சேலத்துக்குப் போன் போட்டு, எந்த முறையில் கொடுத்தால் எல்லார் வீட்டிலும் திறக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

தனக்கு வந்திருக்க வேண்டிய வேலையை இன்னொருவர் எடுத்துப்போன பிறகும், அதைப் பத்திரப்படுத்தி, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன்.