ஆடியில் பேர் எழுதாத வண்டி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒற்று வர வேண்டிய இடத்தில் வராது. லகரமும் ளகரமும் எனக்கு எப்போதுமே தகராறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு லோடு இறக்கிய ரசீதில் கையெழுத்துப் போட்டது தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஒரு ஆள் முன்னால் நின்றாலே பாதி வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். அந்தக் குணம்தான் இந்த வண்டி விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது. பாதி அந்தக் குணம், மீதி ஆடி மாதம்.

கடலூர் முதுநகரில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வண்டிதான் ஓட்டினேன். டீசல் லோடு வண்டி. அரிசி மூட்டை, ஐஸ் பெட்டி, சீசனில் பண்ருட்டிப் பலாப்பழம். போன வருடம் ஓனர் வண்டியை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

என் மனைவி பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் பதினாலு வருடம் கொட்டை உடைத்தவள். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவள் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சோறு பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவாள். இனிமேல் அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆலையிலிருந்து நின்றபோது கொடுத்த பணத்தை அவள் தொடவில்லை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கி நான் ஓட்ட வேண்டும், அவள் திரும்ப ஆலைக்குப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் பேசிக்கொண்டது இது ஒன்றுதான்.

என் மச்சான், அதாவது அவள் தம்பி, செம்மங்குப்பத்தில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, டீசலுக்கு அழுவுற கதையே வாணாம். சிதம்பரத்துல ஒரு கரண்டு வண்டி நிக்குது. நாலு சக்கரம், நல்ல பாடி. ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, அதான் சல்லிசா வருது."

"அவ்ளோ ஓடுனத வாங்கி இன்னாடா பண்றது? கோயிலுக்கு நேந்து வுடவா?" என்றாள் என் மனைவி.

"அக்கா, கேளு. பேட்டரிக்கு கேரண்டி இன்னும் முடியல. ஆனா முடியப்போவுது. அதான் நமக்கு வேணும்."

பிறகு விளக்கினான். அந்த மாதிரி வண்டியில் பாதி விலை பேட்டரிக்குத்தான். மூன்று வருடம், இல்லாவிட்டால் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை கம்பெனி பொறுப்பு. அதற்குள் பேட்டரியின் பலம் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் இலவசமாகப் புது பேட்டரி போட்டுத் தருவார்கள். இந்த வண்டிக்கு இப்போது எழுபத்திரண்டு.

"கேரண்டி முடியறதுக்குள்ள ரெண்டே ரெண்டு பாயிண்டு எறங்கணும். பழைய வண்டி வெலையில புது பேட்டரி!"

"நோவாளி எப்ப சாவான்னு பக்கத்துலயே ஒக்காந்து பாக்குற மாதிரி இருக்குதுடா நீ சொல்றது" என்றாள் அவள். ஆனால் அவளும் சிரித்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனி மாதக் கடைசி நாள் சிதம்பரம் போனோம். மறுநாள் ஆடி பிறந்துவிடும், அதற்குள் வண்டியை ஓட்டிவந்துவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு காலி மனையில் வண்டி நின்றது. பார்சல் கம்பெனிக்கு ஓடிய வண்டி. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஸ்டீயரிங் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

விற்பவருக்கு என் வயதுதான் இருக்கும். நன்றாகப் பேசினார். "ஓட்டிப் பாருங்க அண்ணே. சத்தமே இருக்காது. பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போற மாதிரி, போறதே தெரியாது."

பைபாஸ் வரை போய்த் திரும்பினேன். உண்மையில் சத்தமே இல்லை. காலி வண்டிக்கே சார்ஜ் பன்னிரண்டு குறைந்தது. லோடு ஏற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். கேள்வி நாக்கு வரை வந்தது. அவர் டீ கிளாஸை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டேன்.

ஆர்.சி. புக்கைப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் இருபத்தைந்து என்று பதிவு தேதி இருந்தது. அப்படியானால் இந்த ஆகஸ்ட் இருபத்தைந்தில் கேரண்டி முடிகிறது. என் மனைவியின் ஆலைப் பணத்தை எண்ணிக் கொடுத்து அன்றைக்கே வண்டியை ஓட்டிவந்தோம். வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அது ஆவணி ஒன்பது. ஆவணி பிறந்து எட்டு ஒன்பது நாள் கையில் இருக்கும். எனக்காகவே கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர் வந்தால்தான் கம்பெனி பேட்டரியை டெஸ்ட் செய்யும். பேர் மாற்ற மனுக் கொடுத்த ரசீது இருந்தாலும் போதும்.

"நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுல எழுதிக் குடுத்துடலாம் மாமா" என்றான் மச்சான்.

"ஆடியில வாணாம். ஆவணி பொறக்கட்டும்" என்றேன்.

"ஆடியில வண்டி ஓட்டலாமா?"

"ஓட்டலாம். பேரு எழுதக் கூடாது."

"இது எந்த பஞ்சாங்கத்துல மாமா இருக்கு?"

என் மனைவி பாத்திரம் துலக்கியபடியே சொன்னாள்: "கம்பெனிக்காரனுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா?"

மனதில் இருந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீடு மாமனார் பேரில் இருக்கிறது. ரேஷன் கார்டு, கேஸ் எல்லாம் மனைவி பேரில். என் பேரில் இருப்பது வாக்காளர் அட்டை ஒன்றுதான். அதிலும் அப்பா பேர் தப்பு. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு பொருளின் மேல் என் பேர் ஏறப்போகிறது. அது நல்ல மாதத்தில் ஏறட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பெரிய பக்திமான் எல்லாம் இல்லை நான்.

ஆடி முழுக்க வண்டிக்கு வேலை இருந்தது. கோயில் திருவிழாக்கள். வாடகைப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆடி மூன்றாம் வெள்ளி அன்று கூழ் ஊற்றுவதற்கு அண்டா, அடுப்பு, நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் பக்கம் போனேன். செம்மங்குப்பம் தாண்டும்போது நாற்பது காட்டிய சார்ஜ், ஆலப்பாக்கத்தில் பதினெட்டு. புதுச்சத்திரம் வருவதற்குள் வண்டி மூச்சு விட்ட மாதிரி மெல்ல நின்றுவிட்டது. டீசல் வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து எதையாவது தட்டிப் பார்ப்பேன். இதில் தட்ட ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன்.

கடைக்காரர் போனில் கத்தினார். "ஏம்பா, ஆத்தாவுக்குக் கூழு ஊத்துற நேரத்துல அண்டா நடுரோட்டுல நிக்குது. ஒனக்கே நல்லா இருக்கா?"

மச்சான் தெரிந்தவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, சாமான்களை மாற்றி அனுப்பி, என் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தான். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அவனோ குதித்தான்.

"மாமா, எறங்கிடுச்சி! கண்டிப்பா எழுபதுக்குக் கீழ போயிடுச்சி. சந்தோசப்படுங்க. நாளைக்குக் காலையிலயே பேரு மாத்த எழுதிக் குடுத்துட்டு கம்பெனிக்கு வுட்டுடலாம்."

"இன்னும் பதினாறு நாள்தானே ஆவணிக்கு."

அவன் என்னையே பார்த்தான். "சரி, போன் போட்டு கேரண்டி தேதியாவது கேட்டு வச்சிக்குங்க. நம்பரு வண்டியில இருக்குற கேரண்டி பேப்பருலயே இருக்கு."

கேட்கிறேன் என்றேன். மூன்று நாள் அந்த எண்ணை அழுத்தினேன். மூன்று நாளும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எடுப்பவர் இங்கிலீஷில் பேசினால் என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்ப்பேன். பிறகு, தேதிதான் ஆர்.சி. புக்கிலேயே இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். மச்சான் கேட்டபோது, கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆவணி நாலு, புதன்கிழமை, முகூர்த்த நாள். குளித்து, வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுக் கொடுத்தேன். மறுநாள் ரசீதோடு கம்பெனி ஷெட்டுக்குப் போனோம். ஒரு மணி நேரம் வயரை மாட்டிப் பார்த்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"அறுபத்தாறு வருதுங்கய்யா."

மச்சான் என் தொடையைக் கிள்ளினான்.

அந்தப் பெண் இன்னும் எதையோ தட்டினாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆனா கேரண்டி ஆகஸ்ட் பதினொன்னாம் தேதியோட முடிஞ்சிடுச்சே. பத்து நாள் ஆயிடுச்சி."

"அது எப்பிடிம்மா? ஆர்.சி. புக்குல இருபத்தஞ்சின்னு இருக்குது!" என்றான் மச்சான்.

"ஆர்.சி. தேதி இல்ல சார். பில்லு போட்ட தேதிலேர்ந்துதான் கணக்கு. இந்த பேப்பர்லயே போட்டிருக்கு பாருங்க."

வண்டியின் டாஷ்போர்டில் இத்தனை நாளும் என் முழங்காலுக்கு நேரே இருந்த பேப்பர் அது. இங்கிலீஷில் பொடி எழுத்து.

"போன் பண்ணியிருந்தா நாங்களே சொல்லியிருப்போமேய்யா" என்றாள். நல்ல பெண். திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

வாசலில் நின்று மச்சான் சிதம்பரத்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பில்லுக்கும் பதிவுக்கும் நடுவில் ஏன் பதினாலு நாள் என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டான். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"பில்லு ஆடியில போட்டதுங்க. ஆடித் தள்ளுபடி குடுத்தான், வுட மனசு வரல. ஆனா ஆடியில போயி பேரு எழுத வாணாமேன்னு வண்டிய ஷோரூம்லயே வுட்டுட்டு ஆவணியில எழுதினேன். எல்லாரும் பண்றதுதானே அண்ணே?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்து, "ஆமாங்க" என்றேன்.

கம்பெனிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து போனில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. மச்சான் படித்துவிட்டு அழித்துவிட்டான். என்ன என்று நான் கேட்கவில்லை.

புது பேட்டரி வாங்கும் பணத்துக்கு இதே மாதிரி இன்னொரு பழைய வண்டி வாங்கலாம். இப்போது லோடு ஏற்றினால் இருபது கிலோமீட்டர் தாங்குகிறது. சிதம்பரம் போக முடியாது. ஆலப்பாக்கம் போனால் திரும்ப முடியாது. துறைமுகத்திலிருந்து மார்க்கெட் வரை ஐஸ் பெட்டி ஏற்றுகிறேன். மத்தியானத்துக்குள் வண்டி தீர்ந்துவிடும். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் அதுவும் பாதி நாள் இல்லை. விற்கலாம் என்றால், வருகிறவர் முதலில் கேட்பது பேட்டரி கேரண்டி இருக்கிறதா என்பதைத்தான்.

என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமையிலிருந்து ஆலை வேன் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் நிற்கிறது. அவள் விரல்களில் விளக்கெண்ணெயும் சாம்பலும் குழைத்துப் பூசிக்கொண்டு, டப்பாவில் சோறும் ஒரு ஸ்பூனும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். முதல் நாள் நான் வாசலில் நின்று, வேன் வரை கொண்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம். சார்ஜ் வீணாப் போவும்" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சார்ஜை நினைத்துத்தான் சொன்னாள்.

ஆர்.சி. கார்டு நேற்று தபாலில் வந்தது. இங்கிலீஷில் இருந்தாலும் என் பேர் எனக்குத் தெரியும். அப்பா பேரும் சரியாக இருப்பதாக மச்சான் சொன்னான். ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லையாம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி ஏழு, வெள்ளிக்கிழமை. இங்கிலீஷ் தேதியையும் எழுதிவிடுகிறேன்: அக்டோபர் இருபத்துநான்கு.