பானி கேட்ட மனிதர்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பதினாறு வருடமாக நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். ஹைவேயில் கடை வைத்தவளுக்கு நாலு பாஷை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எதையும் ஒழுங்காகப் பேச வராது, சோறு போடுகிற அளவுக்குப் புரியும்.

இந்தப் 'பனி' என்ற ஒரு சொல்லோடு ஆரம்பத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே! மார்கழியில் எதிர்மலை தெரியாமல் மூடிக் கிடப்பது எங்களுக்குப் பனி. ஆந்திரா டிரைவர் 'பனி உந்தி' என்றால் அவருக்கு வேலை இருக்கிறது, சோற்றைச் சீக்கிரம் போட வேண்டும். மலையாளத்துக்காரர் 'பனியாணு' என்று முனகினால் காய்ச்சல், கஞ்சி வைத்துக் கொடுப்பேன். வடக்கத்திக்காரர்கள் கொஞ்சம் இழுத்துப் 'பானி' என்பார்கள், தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிடுவேன். ஆள் வாயைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிடும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன வருடம் ஒரு மத்தியானம், பிரேக் பிடிக்காமல் வந்த லாரி எங்கள் கடைக்கு எதிரே தடுப்புச் சுவரில் மோதியது. இறக்கத்தில் எந்த விபத்துக்கும் கடைக்காரர்கள்தான் முதல் ஆள். இலையில் கை வைத்திருந்தவர்களும் எழுந்து ஓடினார்கள். டிரைவரைத் தூக்கிவந்து எங்கள் கடை நிழலில் பாயில் கிடத்தினார்கள். வடக்கத்தி ஆள், முப்பது வயது இருக்கும். ரத்தம் அதிகமில்லை. ஸ்டியரிங் வயிற்றில் இடித்திருந்தது.

அடிபட்டவர் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சோடாவை உடைப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் உடைத்துக்கொண்டே வந்தார். நான் தடுத்தேன். இறக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒருமுறை முதலுதவி வகுப்பு எடுத்திருந்தார்கள். வயிற்றில் அடி என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"பானி" என்றார் அவர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வாய்க்குத் தண்ணி கேக்கறாருக்கா, குடுங்க" என்றார் சோடாக்காரர்.

"குடுக்கக் கூடாதுங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்."

"உசுரு போற நேரத்துல என்னக்கா சட்டம்? நெஞ்சுல ஈரமே இல்லீங்களா உங்களுக்கு?"

"ஆமா, இல்ல! போங்க அந்தப் பக்கம்!" என்று கத்தினேன்.

லாரி குறுக்கே நின்றதில் கணவாய் முழுக்க வண்டிகள் தேங்கிவிட்டன. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதே தவிர வண்டி வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் தேயத் தேய உதடு மட்டும் அசைந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இரு சாமி, வந்துடுவாங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ்காரர் ஓடிவந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்ததைச் சொன்னதும், "தண்ணி குடுக்காதது சரிதாம்மா" என்றார் ஆம்புலன்ஸ்காரர். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அன்று சாயங்காலம் அண்டாவைக் கழுவும்போதுதான் மிச்சமும் நினைவுக்கு வந்தது. ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம் என்றும் அதே வகுப்பில் சொல்லியிருந்தார்கள். என் தோளிலேயே துண்டு கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அந்த டிரைவருடைய அண்ணன் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் நீட்டிய சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசியில் கூட இருந்தது நீங்களா என்று இந்தியில் கேட்டார். தலையசைத்தேன். பிறகு கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, மெதுவாக, "பானி?" என்றார். சாகிறவர் வாயில் சொந்தக்காரர் தண்ணீர் விட வேண்டும் என்கிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு போலிருக்கிறது.

"குடிச்சாருங்க" என்று சொல்லி, என் கையாலேயே ஊற்றியதாகச் செய்தும் காட்டினேன்.

அந்த மனிதர் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாவி, நான் தடுக்கவில்லை.