காலிப் பெட்டிக்கும் அதே கட்டணம்

சின்னப்பொண்ணு தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மூலைகளிலும் கத்தியால் இரண்டு விரல் அளவு கீறி, ஸ்கேலை வைத்து அழுத்தி, மேல்பக்கத்தை உள்ளே மடித்து டேப் ஒட்டுவாள். தேர்வாய் கண்டிகைக் கம்பெனிகளில் கழித்துப் போடும் பெட்டிகள் எல்லாம் இரும்புச் சாமானுக்காகச் செய்தவை, ஆழம் அதிகம். அவள் அனுப்புவதோ மாலை. செத்துப்போனவர்களின் படத்துக்குப் போடுகிற, மரச்சீவலில் கோத்த சந்தன வாசனை மாலை. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் கூரியரில் கனத்தைப் பார்ப்பதில்லை. டேப்பை இழுத்து நீளம், அகலம், உயரம் என்று அளக்கிறார்கள்.

"காத்தடைச்ச பலூனும் அரிசி மூட்டையும் எங்களுக்கு ஒண்ணுதான் யக்கா. வண்டில எடத்த அடைக்குதா இல்லியா, அதான் கணக்கு," என்று பார்சல் எடுக்க வரும் பரசுராமன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான்.

அன்று தொட்டு அவள் பெட்டி அறுக்கிறாள். இரண்டு விரல் குறைந்தால் வாங்குகிறவருக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் மிச்சம். அதற்கு மேல் குறைத்தால் மாலை நசுங்கும்.

சந்தன வாசனை மாலை என்றுதான் போனில் விற்கிற ஆப்பில் போட்டிருந்தாள், சந்தன மாலை என்று போடவில்லை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற மரக்கூண்டுகளைப் பிரித்து விற்கும் பட்டறை ஒன்று சாலையோரம் இருக்கிறது. அந்தப் பலகையில் இழைப்புளி போட்டால் சுருள் சுருளாக விழும். அதை மூட்டையாக வாங்கி வந்து, எண்ணெய் தெளித்து, கோத்து, வீட்டுக்குள் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கவிடுவாள். ஒரே அறைதான். மின்விசிறி சுற்றினால் எல்லா மாலையும் சேர்ந்து ஆடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கடுகு, காப்பித்தூள் கேட்டு வந்தால்கூட வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, அந்த வாசனை அப்படி.

"உள்ள வந்தாலே இப்பத்தான் யாரையோ எடுத்துனு போன ஊடு மாரி கீது," என்பார் அவள் வீட்டுக்காரர் சாலமோன். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார். வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேறு ஒரு குறையும் சொல்வார். "ஏம்மே, அல்லாரும் மாலைய அம்பது ரூபான்னு போட்டுட்டு பேக்கிங்ல எரநூறு அடிக்கிறான். நீ இன்னாடான்னா அட்டைய அறுத்துக்கினு கீற."

அவர் சொன்னது இந்தத் தொழிலில் எல்லாரும் கற்ற வித்தை. வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் மாலையின் விலை மட்டும்தான் அவருக்குத் திரும்பும். பேக்கிங்குக்கும் அனுப்பியதற்கும் கொடுத்தது போனதுதான்.

"சாவு ஊட்ல போய் அடிக்கச் சொல்றியா?" என்பாள் சின்னப்பொண்ணு.

"அவன் இன்னா உன் வாசல்லயா வந்து அழப்போறான்? கோயமுத்தூர்ல கீறான்."

"கோயமுத்தூர்ல செத்தா அது சாவு இல்லியா?"

உடனே சாலமோன் சோற்றைப் போடச் சொல்வார். அட்டைக்கும் டேப்புக்கும் வெள்ளைத் தாளுக்கும் ஆகிற செலவுக்கு மேல் அவள் பேக்கிங் போட்டதில்லை. அப்படியும் கேட்பவர்கள் கேட்டார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "ராபின் சார், எங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு ரூபாய் வீண் பண்ணமாட்டார். அவருக்குப் போடுற மாலையோட விலையும் அதை அனுப்புற கூலியும் ஒண்ணா இருக்கு. இது நியாயமா?" சின்னப்பொண்ணு ஒரு பகல் முழுவதும் அதை நினைத்துக்கொண்டே கோத்தாள். பிறகு பதில் போட்டாள்: "நியாயம் இல்லைதான் அண்ணா. அடுத்த தரம் பெட்டியை இன்னும் சின்னதாகச் செய்கிறேன்." அனுப்பிய பிறகுதான், சாவு வீட்டில் அடுத்த தரம் என்று சொல்லியிருக்கக்கூடாது என்று உறைத்தது.

ராபின் என்பது அவள் மகன். கடையை ஆப்பில் திறந்து கொடுத்தவன் அவன். பேங்க் கணக்கு அம்மாவுடையது. கடைப் பெயரும் அனுப்புகிறவர் பெயரும் அவனுடையது. "உம் பேரு இங்கிலீஷ்ல நீட்டமா வருதும்மா, லேபிள்ல அடங்காது," என்று சிரித்தபடி தன் பெயரைப் போட்டான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் அவன் வண்டி நகராமல் நிற்க, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கிப் போய் ஏறிப் பார்த்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை கதவில் மாட்டியிருந்தது. செருப்பு பெடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் மட்டும் இல்லை. ஏரியில் தேடினார்கள், புதரில் தேடினார்கள். ஆந்திராப் பக்கம் ஒரு சவம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லி சாலமோனைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர், "நம்ம புள்ள இல்ல," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் குளித்தார். அவர் சரியாகப் பார்த்தாரா என்று சின்னப்பொண்ணு இதுவரை கேட்டதில்லை.

கடை இன்னும் அவன் பெயரில் இருந்ததால் ஆப் தினமும் காலையில் அவனைத்தான் கூப்பிட்டது. வணக்கம் ராபின், உங்களுக்கு ஒரு புது ஆர்டர். தகப்பனைப் பறிகொடுத்தவர்களும் மகளைப் பறிகொடுத்தவர்களும் ராபின் சார், ராபின் சார் என்று எழுதினார்கள். பெயரை மாற்றிவிடலாம் என்று பரசுராமன் ஒரு தரம் சொன்னான். "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

சுவரில் அவன் படம் இருந்தது. மாலை இல்லாத படம். விசிறிக் காற்றில் கொடியில் ஆடுகிற ஏதாவது ஒரு மாலை அந்தச் சட்டத்தைத் தொட்டுவிடும். அப்போதெல்லாம் சின்னப்பொண்ணு எழுந்துபோய் அந்த மாலையை இப்பால் தள்ளிவிட்டு வந்து உட்காருவாள்.

மருமகள் மோனிகா பெண் குழந்தையோடு பொன்னேரியில் தாய் வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். போன வருடம் கல்லறைத் திருநாள் சமயம் அவள் ஒரு மாலை கேட்டாள்.

"அல்லாரும் கல்லறைய கழுவி மெழுவத்தி ஏத்துறாங்க அத்தை. நான் எங்க ஏத்துறது? பஸ்ல தெனம் ஒருத்தி, உன் ஊட்டுக்காரரு கீறாரா இல்லியான்னு கேக்குறா. எனக்கு ஒரு வார்த்த வேணும். இல்லன்னாச்சும் சொல்லிட்டுப் போறேன்."

"உசுரோட கீறவனுக்கு மால போட்டா ஆயுசு கொறையும்," என்று சின்னப்பொண்ணு முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். மோனிகா மறுபடி கேட்கவில்லை.

இந்த வருடம் அதே மழை தொடங்கிய வாரத்தில் ஒரு ஆர்டர் வந்தது. மாலை சரியான நீளத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகப் படத்தின் அளவைக் கேட்டு வாங்குவது அவள் வழக்கம். பன்னிரண்டுக்குப் பதினாறு என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் கண் தானாகச் சுவருக்குப் போனது. ஸ்டுடியோவில் ஒரே நாளில் இரண்டாகப் போட்டு வாங்கிய படம், மற்றொன்று பொன்னேரியில். அதற்குப் பிறகுதான் பெயரைப் பார்த்தாள். மோனிகா. மாலைக்கு, பேக்கிங்குக்கு, அனுப்புவதற்கு என்று ஊரார் கட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கட்டியிருந்தாள்.

ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பொன்னேரி. பார்சல் மெட்ராஸ் போய், ஒரு கிடங்கில் படுத்து எழுந்து, அதே வழியில் திரும்பி வரவேண்டும்.

ஸ்டாக் இல்லை என்று ஆர்டரைத் தள்ளிவிடலாம். தலைக்கு மேல் கொடி நிறைய மாலை ஆடியது. தள்ளினால் அவள் வேறு கடையில் வாங்குவாள். சின்னப்பொண்ணு எழுந்து மாலைகளைத் தடவிப் பார்த்து, சீவல் ஒன்றுகூட உடையாத ஒன்றை எடுத்தாள். அளந்தாள். பெட்டியில் வெள்ளைத் தாளை விரித்து, மாலையை வளைத்து வைத்து, மேலே தாளைப் போர்த்தி மூடினாள். டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். மாலையை வெளியே எடுத்து, கொடியின் கோடியில் தனியாக மாட்டினாள். தாளை முன்பிருந்த மாதிரியே மடித்து வைத்து, வெறும் பெட்டியை ஒட்டினாள். பார்த்தால், மாலை போடக்கூடாது என்று மோனிகாவே புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள். அதற்குமேல் அவள் நினைக்கவில்லை.

பரசுராமன் வந்து அளந்தான். வழக்கம்போலக் காதோரம் வைத்துக் குலுக்கினான். சத்தம் இல்லை. அவள் கட்டுகிற எந்தப் பெட்டியிலும் சத்தம் இருந்ததில்லை. அடித்துக் கொண்டுவந்த லேபிளை ஒட்டி எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் ஒரு காலையில், சாலமோன் டூட்டிக்குப் போன பிறகு, மோனிகா வந்தாள். பாலித்தீன் பைக்குள் அந்தப் பெட்டி இருந்தது.

"வாம்மா. லீவா? நாஷ்டா துன்னியா?"

"ஆச்சு அத்தை." தலையில் மாலை படாமல் குனிந்து வந்து, பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கொயந்த நல்லா கீதா?"

"அதுதான் மொதல்ல பாத்துச்சு. நான் கம்பெனிலேந்து வரும்போது இத மடில வெச்சுக்கினு வாசல்ல உக்காந்துனு கீது. இப்பத்தான் ஸ்கூல்ல எழுத்து கூட்டிப் படிக்கக் கத்துக்குடுத்துனு கீறாங்க. மேல ஒட்டியிருக்கிறத படிச்சிருச்சு."

சின்னப்பொண்ணு பெட்டியைப் பார்த்தாள். லேபிளில் இங்கிலீஷ். அவளால் படிக்கமுடியாது. ஆனால் அனுப்புநர் பெயர் எந்த மூலையில் அடித்திருக்கும் என்று தெரியும். இத்தனை பெட்டிகளில் பார்த்தது. அனுப்பிய அன்றைக்கு மட்டும் அது நினைவில் வரவில்லை.

"அப்பா பார்சல் அனுப்பிச்சிருக்காருன்னு தெரு முழுக்க சொல்லிட்டு வந்துருக்குது," என்றாள் மோனிகா. "தொறக்காதடின்னேன். கேக்கல. நான் கையில வாங்கிப் பாத்தேன், காலின்னு எனக்கே தெரியல. உன் மாலைக்கு எப்ப கனம் இருந்துச்சு? பேப்பர ஒண்ணொண்ணா பிரிச்சுச்சு. அப்பறம் பொட்டிய கவுத்துத் தட்டுச்சு. அப்பா இன்னா அனுப்பிச்சாரு, வழில உயுந்துருச்சான்னு கேக்குது."

சின்னப்பொண்ணு கத்தியை எடுத்து மடக்கினாள்.

"அப்பறம் உள்ள தலைய உட்டு மோந்து பாத்துச்சு அத்தை. அப்பா வாசனைன்னு சொல்லுது. அது உன் எண்ண வாசன. அவரு போனப்போ இது கைக்கொயந்த, அவரு வாசன அதுக்கு எப்படித் தெரியும்? தெனம் பக்கத்துல வெச்சுக்கினு படுக்குது. இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பிட்டு எடுத்தாந்தேன்."

"நீ கம்ப்ளெய்ன்ட் போட்டுருக்கலாம்."

"போட்டா மால காசு வரும். பொட்டிக்கும் வண்டிக்கும் குடுத்தது வராது."

"அத நான் தர்றேன்."

"வேணாம் அத்தை. அது நாயமாத்தான் குடுத்தேன். பொட்டி வந்துச்சுல்ல, வண்டியும் வந்துச்சு." மோனிகா குரலை உயர்த்தவில்லை. "பொண்ணு கேட்டா இன்னா சொல்லட்டும்? அத மட்டும் சொல்லு. அப்பா அனுப்பிச்சாருன்னா, ஏன் ஒண்ணும் வெக்கலன்னு கேக்கும். ஆயா அனுப்பிச்சதுன்னா, ஆயா ஏன் அப்பா பேர போட்டாங்கன்னு கேக்கும். அவரு இல்லன்னு சொன்னா, அப்ப ஏன் படத்துக்கு மால இல்லன்னு கேக்கும். நான் எந்தப் பக்கம் போறது?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலைப் பக்கம் ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அது அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னப்பொண்ணு கையை ஊன்றி எழுந்தாள். கொடியின் கோடியில் தனியாகத் தொங்கிய மாலையைக் கழற்றினாள்.

"பொட்டி வேணாம் அத்தை. கையிலயே எடுத்துனு போறேன்."

"ரயில்ல நசுங்கிடும்."

அதே பெட்டியிலிருந்து பழைய தாளை எடுத்துப்போட்டுவிட்டுப் புதுத் தாள் விரித்தாள். மாலையை வளைத்து, ஒரு சுருளின் மேல் இன்னொரு சுருள் ஏறாமல் விரலால் ஒதுக்கி வைத்தாள். தாளைப் போர்த்தினாள். டேப்பின் நுனி இந்தத் தரம் உடனே கிடைத்தது. நான்கு பக்கமும் ஒட்டியபின் லேபிளில் அனுப்புநர் பெயர் இருந்த அந்த மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. பழுப்பு டேப்பை இழுத்து அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். எழுத்து மறைகிறவரைக்கும் ஒட்டினாள்.

"பேக்கிங் ஏற்கெனவே குடுத்துட்டேன்," என்றாள் மோனிகா. சிரிக்கத்தான் சொன்னாள் போலிருக்கிறது. சிரிப்பு வரவில்லை.

பெட்டியை நீட்டிய சின்னப்பொண்ணு அதை விடவில்லை. மோனிகாவின் கையும் அதன் மேல் இருந்தது.

"நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னான்னா, மோனி? உள்ள வந்து மொதல்ல மால போட்ட அந்தப் படத்தப் பாத்தான்னா? நம்ம ரெண்டு பேரும் இன்னாடி சொல்றது?"

மோனிகா பெட்டியை மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டாள். பாலித்தீன் பைக்குள் வைத்து வாயை முடிச்சுப் போட்டாள். சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, மாலைகள் தலையில் படாமல் குனிந்து, வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் போனாள்.