பத்து விரலும் பதியணும்

மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு கதவு அகலத்துக்குத்தான் அந்த இஸ்திரிக் கடை. உள்ளே போனால் நீளமான மேசை. அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி, கம்பளிக்கு மேல் வெள்ளைத் துணி. மேசையின் ஒரு முனையில் அக்கா நிற்பார், மறுமுனையில் அவருடைய வீட்டுக்காரர். சட்டை, பாவாடை, மெல்லிய துணியெல்லாம் அக்காவுடைய பங்கு. படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, முரட்டுக் கால்சட்டையெல்லாம் வீட்டுக்காரர் பங்கு. தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்கா தேய்ப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். இடது கை விரல் நுனிகளால் துணியை நீவிக்கொண்டே போவார். வலது கையில் இஸ்திரிப் பெட்டி பின்னாலேயே வரும். விரலுக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருக்கும். பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, வலது கை விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு தட்டுவார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். கை காய்த்துப்போய், சூடு என்றால் என்னவென்றே அந்த விரல்களுக்கு மறந்துவிட்டிருந்தது.

ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்து, ஐரோப்பாவில் ஒரு நாட்டின் மொழியைக் கற்றுக்கொண்டு, அங்கேயே ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஒருவரையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. வீடியோவில் பேசும்போதெல்லாம், தெரிந்த நாலு தமிழ் வார்த்தையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போனை மகளிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் மகள் போனில், "அம்மா, உண்டாகியிருக்கேன். பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும். அப்பாவையும் கூட்டிட்டு வா" என்றாள்.

வீட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் வாயெல்லாம் பல். ஆனால் கிளம்பும் பேச்சு வந்ததும் ஒதுங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் போனா கடையை யார் பார்க்கறது? நீ போ. பிரசவத்துக்கு நான் வந்து என்ன பண்ண, வாசல்ல குறுக்கும் நெடுக்கும் நடக்கவா?"

அடுத்த தெருவில் ஒரு டிராவல்ஸ்காரர் இருந்தார். அக்கா அவரிடம் போய் உட்கார்ந்தார். எந்த நாடு, எதற்கு, எவ்வளவு நாள் என்று கேட்டுக்கொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். போய்த் திரும்பிய பிறகும் சில மாதம் பாஸ்போர்ட்டுக்கு உயிர் இருக்க வேண்டுமாம். மகள் அழைத்திருக்கிறாள், அவள் வீட்டில்தான் தங்கப் போகிறார் என்பதற்கு அங்கத்து அலுவலகக் காகிதம் வேண்டுமாம். அங்கே நோய் நொடி வந்தால் செலவைத் தாங்க ஒரு காப்பீடு. போக மட்டுமல்லாமல் திரும்பி வரவும் டிக்கெட். வங்கிக் கணக்கு விவரம், கடை நடத்துவதற்கான அத்தாட்சி. போட்டோவில் சிரிக்கக் கூடாது.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு விசாரிக்கலையே" என்றார் அக்கா.

"அவங்க உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு விசாரிச்சாங்க. இவங்க திருப்பி அனுப்பறதுக்கு விசாரிக்கறாங்க. போன வேலை முடிஞ்சதும் நீங்க வந்துடுவீங்கன்னு அவங்க நம்பணும்."

"நான் ஏன் வராம இருக்கப் போறேன்?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்குக் காகிதம்தானே தெரியும்?"

காகிதமெல்லாம் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு, அக்காவும் வீட்டுக்காரரும் விடியற்காலை பஸ் பிடித்துத் தலைநகரில் இருந்த விசா விண்ணப்ப மையத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். இனி கைரேகை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

சின்னப் பெட்டி ஒன்று. மேலே பச்சை வெளிச்சம் ஓடும் கண்ணாடி. இடது கை நாலு விரலையும் வைக்கச் சொன்னாள். வைத்தார். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்து வைக்கச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. வலது கை, அதுவும் சிவப்பு. அவள் எழுந்து வந்து அக்காவின் விரல்களைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அம்மா, என்ன வேலை பார்க்கறீங்க?"

"இஸ்திரி போடறேன்மா."

"ரேகையே இல்லையே. சுத்தமா வழிச்ச மாதிரி இருக்கு."

மேலதிகாரி ஒருவர் வந்தார். விரலே இல்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. இது தேய்மானம், கைக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை திரும்பி வரும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இவ்வளவு நாளில் அவற்றை அப்படிப் பார்த்ததே இல்லை.

அன்று முதல் அக்காவின் கைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் கறாராக இருந்தார். பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பெட்டிப் பக்கமே வரக் கூடாது. காலையும் மாலையும் களிம்பு தடவிவிட்டு, மேலே பருத்திக் கையுறை மாட்டிவிட்டார். சமையலும் அவரே. முதல் நாள் முட்டையை ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் பச்சையாக வைத்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே வந்தபோது சொல்லிவிட்டார்.

கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "காலரை முதல்ல உள்பக்கம் போடுங்க. பொத்தான் பக்கம் இழுக்காதீங்க. ஐயோ, அந்தக் கைக்கு ரெண்டு மடிப்பு விழுது பாருங்க."

"அந்த ஆபீஸர் உன் வாய்க்கும் சேர்த்து ஓய்வு சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கை நமநமவென்று அரித்தது. ஆனாலும் பலன் இருந்தது. களிம்பில் ஊறி விரல் நுனிகள் பஞ்சு மாதிரி ஆயின. நீர்மேல் கோடு போட்ட மாதிரி, லேசாக வளையங்கள் தெரிந்தன. டிராவல்ஸ்காரர் மறுபடி தேதி வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு, வீட்டுக்காரர் விரிப்புகளைக் கொடுக்க லாட்ஜுக்குப் போயிருந்த நேரம். மாடியில் குடியிருந்தவர் ஒரு வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்தார். கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில்தான் இருந்தார்.

"அக்கா, ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. இப்பவே கிளம்பணும். ஒரே ஒரு சட்டை."

"அவர் வந்துடுவாரு, கொஞ்சம் இருங்களேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கெஞ்சியிருந்தால் அக்கா மறுத்திருக்கக்கூடும்.

கையுறையோடுதான் ஆரம்பித்தார். ஆனால் துணியின் ஓட்டம் விரலுக்குத் தெரியவில்லை. இடது கை உறையைக் கழற்றினார். காலர் ஆயிற்று, முதுகு ஆயிற்று. முன்பக்கம் பொத்தான் பட்டியை நீவும்போது பழைய கணக்கில் ஒரு நூல் இடைவெளி விட்டார். பழைய விரலாக இருந்தால் தாங்கியிருக்கும். இது பஞ்சு விரல். சுள்ளென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் முடித்து, மடித்துக் கையில் கொடுத்தார். அவர் போன பிறகுதான் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனி கொப்பளித்திருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து விரலை அதில் வைத்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"சட்டை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"நல்லா வந்துச்சு."

"அப்ப சரி."

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

மையத்தில் அதே பெண்தான் இருந்தாள். கட்டுப் போட்ட விரலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மற்ற விரல்கள் இந்த முறை பதிந்தன. ஆனால் ஆறக்கூடிய காயம் என்றால் ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது விதி. "பத்து விரலும் பதியணும்மா. ஆறினதும் வாங்க, உடனே எடுத்துடறேன்" என்றாள்.

காயம் ஆறும்வரை குழந்தை காத்திருக்கவில்லை. நாள் நெருங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. பெண் குழந்தை. மாப்பிள்ளை அனுப்பிய படத்தை அக்கா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மத்தியானம் கடை காலியானதும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்காரர் தட்டவில்லை. வாசலில் வந்த ஆட்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசி அனுப்பினார்.

அன்று மாலை மகளிடம் போனில், "ஒரு சட்டைக்காக உன் பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்" என்றார் அக்கா.

"அம்மா, பெத்தெடுக்கும்போது என்னைச் சுத்தி நாலு பேர் நின்னாங்க. எல்லாம் என்னோட வேலை பார்க்கறவங்க. இனிமேதான் யாரும் இல்ல. இவருக்கு லீவு முடியப் போகுது. எனக்கு உக்கார முடியல, படுக்க முடியல. நீ இப்ப வந்தாத்தான் எனக்கு ஒத்தாசை." பின்னால் குழந்தை வீல் என்றது. "கேட்டியா? இதுக்குத்தான் கூப்பிடறேன்."

மூன்றாம் தடவை பத்து விரலும் பதிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், விதியெல்லாம் மறந்து கையைத் தட்டினாள்.

சில நாள் கழித்துத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவர் பேசினார். எங்கே தங்குவீர்கள், யார் செலவு செய்வார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வேலை முடிஞ்சதும் நீங்க திரும்பி வர்றதுக்கு என்ன காரணம் இருக்கு?" என்றார்.

கோப்பில் அதற்கான காகிதங்கள் எல்லாம் இருந்தன. அக்காவுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"இவர் இங்க இருக்காருங்க. கடைல நான் இல்லாம இவர் மடிக்கிற சட்டையை இந்தத் தெரு எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

எதிர்முனையில், சிரிப்பை அடக்கிய மாதிரி ஒரு இருமல் கேட்டது. "சரிங்கம்மா, வைக்கிறேன்."

விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தப் பூப்போட்ட தாளை வீட்டுக்காரர் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

இறங்கிய ஊரில் விமான நிலையம் முழுவதும் குளிர். எல்லைச் சோதனைக் கூண்டில் கண்ணாடி போட்ட, ஆஜானுபாகுவான ஒரு அதிகாரி. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விரலை வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். அக்கா வைத்தார். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். அதிகாரி எழுந்து அவரை ஒரு பக்க அறைக்குக் கூட்டிப்போய் இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தார்.

அந்த ஊர் மொழியில் மகள் சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியங்களெல்லாம் காற்றில் போய்விட்டன. இவ்வளவு தூரம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் மகள் நிற்கும்போது, இங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்களோ? கோப்பிலிருந்த காகிதங்களையெல்லாம் எடுத்து அப்படியே அவர் முன்னால் நீட்டினார். அவர் அழைப்புக் காகிதத்தைப் பொறுமையாகப் படித்தார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார். மகளின் எண்ணுக்குப் போன் செய்து என்னவோ பேசினார். பிறகு போனை அக்காவிடம் கொடுத்தார்.

"அம்மா, பயப்படாதே. குளிர்ல கை வறண்டிருக்காம். நல்லா தேய்ச்சு, வாயால ஊதச் சொல்றாரு."

அதிகாரி தன் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்து, ஊதிக் காட்டினார். அக்காவும் தேய்த்தார், ஊதினார். அந்தப் பெரிய மனிதரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, வாசலில் நின்ற இன்னொரு அதிகாரி சிரித்தாள். பிறகு அந்த அறையில் இருந்த இயந்திரத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். பச்சை.

முத்திரை விழுந்தது. நினைவில் மிச்சமிருந்த ஒரு வார்த்தையை, நன்றி என்று எண்ணி, அக்கா சொன்னார். அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். காலை பதினோரு மணிக்கு அவரிடம் 'இனிய இரவு' சொல்லிவிட்டு வந்ததை மகள்தான் வெளியே வந்த பிறகு சொன்னாள்.

மகள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, வாடகைக் காரில் ஏறியதும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். வீடு வரும்வரை விழிக்கவில்லை. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த வாரங்கள் வேகமாக ஓடின. குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, மகளைச் சாப்பிட வைப்பது. மாப்பிள்ளை வேலைக்குப் போய்வந்து, அக்காவிடம் புதிதாக ஒரு தமிழ் வார்த்தை கேட்டுக்கொள்வார். கடைசியில் மகள், "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்மா" என்றாள்.

"தேதி தாண்டினா அடுத்த தடவை நம்ப மாட்டாங்க. நாம நிறைய தடவை பார்க்கணும்ல?" என்றார் அக்கா.

விசா முடிவதற்கு முன்பே ஊர் திரும்பினார். வீட்டுக்காரர் வந்து அழைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் அக்காவை உட்கார வைக்கப் பார்த்தார்; அக்காதான் அவரை அங்கே தள்ளினார். வழி நெடுக அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாரு ஜாடை?"

"தூங்கும்போது உங்க ஜாடை. முழிச்சா அவங்கப்பா."

வீட்டுக்காரர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் இடம் நெருங்கியபோது திரும்பினார்.

"எனக்கு ஒரு பாஸ்போர்ட்டுக்கு எங்க போய் எழுதிக் குடுக்கணும்?"