நாத்தனார் கொண்டுவந்த சாத்துக்குடி

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நாற்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பையோடு நடமாடும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வயிறு வலித்தால் எடு, இடுப்பு வலித்தால் எடு என்பார்கள். என்னுடையதை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேனே என்று என் நாத்தனாருக்கு ரொம்ப நாளாய் உறுத்தல். வீட்டுக்காரரின் அக்கா அவர். தெருவில் பாதிப் பேரை ஆபரேஷனுக்கு அனுப்பிவைத்தவர், தன்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

இடுப்பு வலிக்கு எடுத்த ஸ்கேனில், கர்ப்பப்பை வாயில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதாக எழுதியிருந்தார்கள். போதாதா? சாயங்காலத்துக்குள் தெருவே கூடி எனக்கு ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிட்டது. நாத்தனார் என் நைட்டிகளைத் துவைத்து மடித்துவைத்தார். புற்றுநோயாக இருக்குமோ, அறுத்துப் போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் என் முகம் வெளிறிக் கிடந்தது. வெளியே மட்டும் வீறாப்பாகத் திரிந்தேன்.

மறுநாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். நாத்தனார் மடியில் ஒரு பை. உள்ளே சாத்துக்குடி, ரொட்டி, பிளாஸ்க். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாமான்கள். நான் படுப்பதற்கு முன்னாலேயே பார்க்க வந்துவிட்டார் மகராசி.

டாக்டரம்மா உள்ளே அழைத்துச் சோதித்துவிட்டுச் சிரித்தார். கர்ப்பப்பை வாயில் வழவழப்பாகச் சுரக்கும் சுரப்பிகள் உண்டாம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு அவற்றின் வாயைத் தோல் மூடிக்கொள்ளுமாம், உள்ளே சுரந்தது தேங்கிக் குமிழாகிவிடுமாம். ரொம்பப் பெரிதாகி வலித்தாலோ, பார்க்கும்போது சந்தேகம் தட்டினாலோதான் கை வைப்பார்களாம். வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மட்டும் கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் தடவி எடுத்துக்கொண்டார்.

“இதுக்குப் போய் யாராவது கர்ப்பப்பையை எடுப்பாங்களா? இடுப்பு வலி வேற சமாச்சாரம்,” என்றார்.

நான் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தேன். அந்த சுகத்தை ஏன் மறைக்க வேண்டும், ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அவர் விடவில்லை. எதற்கும் எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று டாக்டரிடமே வாதம் பண்ணினார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “கட்டியைப் பத்திக் கவலை வேணாம்மா. தீட்டு நின்னுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்டணும். அதைத்தான் விடக்கூடாது.”

நாத்தனார் வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். எனக்கே பேஜாராகிவிட்டது. என்ன அண்ணி என்று கேட்டேன். பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார்.

“எனக்கு நின்னு வருசக் கணக்காவுது. போன மாசம் பட்டுச்சு, இந்த மாசமும் பட்டுச்சு. சொன்னா எடுத்துடுவாங்கன்னு பயந்துகினு கெடக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. ஊரார் கர்ப்பப்பையெல்லாம் என்ன பாவம் பண்ணியதாம்? கேட்டுவிடலாம் என்று முகத்தைப் பார்த்தேன். நேற்று ராத்திரி கண்ணாடியில் பார்த்த என் முகம் மாதிரியே இருந்தது.

“வாங்க அண்ணி, ஜல்தி,” என்று கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அவர் பெயருக்கு டோக்கன் வாங்கி வரிசையில் உட்காரவைத்தேன். அவர் மடியிலிருந்த சாத்துக்குடிப் பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.